அரைப்பேரும் ஐம்பதாயிரம் சொல்லும்

அன்புள்ள அக்கா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இந்த நவம்பரில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, முப்பது நாளில் ஐம்பதாயிரம் சொல்லில் ஒரு நாவல் என்ற சவாலில் இறங்கியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் குழு வைத்திருக்கிறோம். இரவு பத்து மணிக்குள் அன்றைய எண்ணிக்கையைப் போட வேண்டும். நாளுக்கு 1,667 சொல். எக்ஸெல்லில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். இலக்கைத் தொட்டால் கட்டம் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இன்று பதினேழாம் நாள். 28,333 இருக்க வேண்டும், 19,400தான் இருக்கிறது. கடைசி ஒன்பது நாளில் ஏழு சிவப்பு. இப்போது பைலைத் திறக்கவே மனம் வருவதில்லை.

கணக்கு வைக்க இதைவிட நல்ல முறை உண்டா? வெட்டி எறிந்த சொற்களையும் சேர்க்கலாமா? அடுத்தது, போன கிழமை குழுவில் ஒருவருடைய லாப்டாப் மின்னலில் போய்விட்டது. பன்னிரண்டாயிரம் சொல் அதோடு போனது. என்னுடையதும் லாப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு அத்தியாயங்களைக் குழுவில் போட்டேன், அது போதுமா? ஆனால் அப்படிப் போடுவதால் யாரும் கதையைத் திருடிவிடுவார்களோ என்றும் பயம். அதனால் மற்ற அத்தியாயங்களை யாருக்கும் காட்டவில்லை. நாவல் என் பாட்டியைப் பற்றியது.

பெயர் போட வேண்டாம், அக்கா.

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் எண்களுக்குக் குறைவே இல்லை. பாட்டிக்கு மட்டும் நாலே நாலு சொல். அவர் எந்தத் தோட்டம், இந்தியாவுக்குக் கப்பலேறியவரா, இங்கேயே இருந்துவிட்டவரா, ஒன்றும் இல்லை. சிவப்புக் கட்டம் எத்தனை என்பது மட்டும் பிசகாமல் நினைவிருக்கிறது. எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் பதில் எழுத உட்காரவைத்ததும் அந்தச் சிவப்புக் கட்டம்தான். கொஞ்ச நாளாகவே அம்மாவின் கிலோக் கணக்கு என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சின்னக் கேள்வி. வெட்டிய சொற்களைச் சேர்க்கலாமா? சேருங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்த தோட்டத்தில் அப்போது ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, பதினாறு கிலோ. தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். 2021இல் ஆயிரம் ரூபாய் சம்பளம் வந்தபோது பல இடங்களில் கிலோவையும் ஏற்றிவிட்டார்கள், அது வேறு கதை. மூன்று நிறுவையும் கூட்டிப் பதினைந்து வந்தால் அன்றைக்கு அரைப்பேர். விடியப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மலை ஏறி, அட்டை கடித்து, படங்குச் சேலை நனைந்து இறங்கி வந்தவளுக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழுவது அரை நாள். அதிலும் சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு இன்னொரு கழிவு.

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆனால் கணக்கை விடமாட்டார். நான் நாலாம் வகுப்புக்கு வந்ததும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. குப்பிலாம்பைப் பக்கத்தில் இழுத்துவைத்து, என் கணக்குக் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி, அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். காலை ஐந்து, பகல் ஆறு, அந்தி நாலு. நான் எழுதுகிற இடத்திலேயே அவர் ஆட்காட்டி விரல் இருக்கும். கொழுந்துக் கறை ஏறி நகத்தோரம் கறுத்த விரல். கொப்பியின் அந்த ஓரம் முழுக்கக் கறுப்புப் பொட்டு.

ஒருநாள் கூட்டிப் பார்த்துவிட்டு, "அரைன்னு போடவாம்மா?" என்று கேட்டேன்.

"அரைன்னு ஆபீசுல போட்டுக்கட்டும். நான் எடுத்தது பதினஞ்சு. பதினஞ்சுன்னு எழுது."

சம்பளத்தன்று ஆபீசில் கொடுத்த சம்பளத் துண்டையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போகாத மாதம் அம்மா கொப்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். எல்லாத் தடவையும் வென்றுவிட்டு வந்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறுங்கையோடு போய் நின்றதில்லை.

இப்போது உங்கள் எக்ஸெல்லைப் பாருங்கள். 1,600 எழுதிய நாளும் சிவப்பு, பேனாவையே தொடாத நாளும் சிவப்பு. எடுத்ததைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை, குறைந்ததை மட்டும் சொல்கிறது. தோட்டத்தில் அந்தக் கணக்கை வைக்க ஒரு துரையும் ஒரு கணக்கப்பிள்ளையும் தேவைப்பட்டார்கள். நீங்கள் இரண்டு வேலையையும் நீங்களே பார்த்துக்கொண்டு, இரவு பத்து மணிக்குப் பெரட்டுக்கும் போய் நிற்கிறீர்கள்.

அந்த 1,667 எங்கிருந்து வந்தது? 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோப் பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு விளையாட்டுப் போலத் தொடங்கியது இந்த ஐம்பதாயிரம். அதை முப்பதால் வகுத்தால் 1,667. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. பிற்பாடு நானோரைமோ என்று பெரிய அமைப்பானது. 2025 மார்ச் கடைசியில் மூடப்போவதாக அவர்களே அறிவித்துவிட்டார்கள். இலக்குப் போட்டவர்கள் கடையைக் கட்டியாயிற்று. நீங்கள் இங்கே சிவப்பைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

பதினேழு நாளில் 19,400 என்றால் நாளுக்குச் சராசரி 1,141. பள்ளிக்கூடத்துக்கும் போய், தாளும் திருத்தி, சமைத்தும் போட்டுவிட்டு. இதே வேகத்தில் போனால் டிசம்பர் 14 வாக்கில் ஐம்பதாயிரம் முடிந்துவிடும். டிசம்பரில் எழுதிய சொல் செல்லாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

சரி, முறை கேட்டீர்கள். நிறத்தை எடுத்துவிடுங்கள். திகதி, எழுதிய சொல், எந்தக் காட்சி, நாளைக்கு எந்த இடத்தில் தொடங்குவது, இவ்வளவும் இருந்தால் போதும். கடைசியில் சொன்னதுதான் மறுநாள் பைலைத் திறக்க வைக்கும். சொல் எண்ணிக்கையை ரொம்பவும் நம்பாதீர்கள். வேர்ட் எண்ணுவது இடைவெளியை. 'ஓடிக்கொண்டிருந்தாள்' என்பதைச் சேர்த்தால் ஒன்று, பிரித்தால் இரண்டு. குழுவில் எண்ணிக்கை போடத்தான் வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் உங்கள் கொப்பியில் எழுதிவிட்டு அப்புறம்.

இந்தச் சவாலை ஜூலையிலிருந்து நவம்பருக்கு மாற்றியதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். நவம்பரில் அவர்கள் ஊரில் வானிலை மோசம், வெளியே தலைகாட்ட முடியாது, உட்கார்ந்து எழுதலாமாம். நம் நவம்பரை நினைத்துப் பாருங்கள். பின்னேரமானால் இடி. கரண்ட் போகும், வரும், வரும்போது ஒரு உதை உதைத்துவிட்டு வரும். மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்சரிவில் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியது 2025 நவம்பர் கடைசியில். அவர்களுக்கு வீட்டுக்குள் உட்காரச் சொல்கிற மழை, நமக்கு வீட்டை விட்டு ஓடச் சொல்கிற மழை. ஓடுகிறபோது பிள்ளையைத் தூக்குவீர்களா, லாப்டாப்பைத் தூக்குவீர்களா?

இந்த இடத்தில்தான் உங்களை ஏச வேண்டியிருக்கிறது. கூட்டாளியின் பன்னிரண்டாயிரம் சொல் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அன்றிரவே ஒரு பிரதி எடுக்காமல், எனக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். காட்டுவதற்குக் கடதாசி இல்லை என்பதற்காக 1948இன் குடியுரிமைச் சட்டம் வெளியே தள்ளிய சனத்தின் பேத்தி நீங்கள். பிஸ்கட் தகரத்துக்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைச் சுற்றிவைத்து, மழைக்கு முதலில் அதைத் தூக்கிய சனம். உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டுமா?

திருட்டுப் பயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு எழுபது வருடமும் நிற்கும். கருவுக்குக் காவல் இல்லை, எழுதிய எழுத்துக்குத்தான். கருவை யாராவது கொண்டுபோனால் போகட்டும். உங்கள் பாட்டியை எங்கே போய் எடுப்பார்கள்?

எங்கள் லயத்தில், மன்மதன் ரதி கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். மாசியில் கம்பம் ஊன்றிவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். பரம்பரையாக வந்த பாட்டோடு தானே கட்டியதையும் சேர்த்து ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைத் தொட யாரையும் விடமாட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் களவெடுத்துவிடுவானாம். மதனாக ஆடியவனுக்கும் ரதியாக ஆடியவனுக்கும் வாயால்தான் சொல்லிக்கொடுப்பார், அதிலும் அந்த வருடத்துக்குத் தேவையான அளவு மட்டும். பிறகு ஒருநாள் லயம் எரிந்தது. லயத்தில் நெருப்புப் பிடிப்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லாக் காம்பராவுக்கும் ஒரே கூரை. அடுத்த மாசியில் ரதியின் ஒப்பாரி நடுவில் நின்றுவிட்டது. மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார், வரி வரவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு கிழவி எடுத்துக்கொடுத்தாள், எப்போதோ கேட்டுக் கேட்டு மனதில் நின்ற வரிகளை. அவர் வாய்விட்டுப் பாடியதில் கொஞ்சம் மிஞ்சியது. பூட்டி வைத்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரன் உண்மையாகவே களவெடுத்திருந்தால் முழுக் கூத்தும் இன்றைக்கு இருந்திருக்கும்.

ஆகவே பிரதி. ஒன்றல்ல, மூன்று. கணினிக்காரர்களே அதைத்தான் சொல்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகையான இடத்தில், அதில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. லாப்டாப்பில் இருப்பது ஒன்று. அதை அப்படியே பென் டிரைவில் போட்டு லாப்டாப் பைக்குள்ளேயே வைத்தால் அது இரண்டாவது இல்லை. பை போனால் இரண்டும் போகும். பென் டிரைவைப் பாடசாலை அலுமாரியில் வையுங்கள். தினமும் எழுதி முடித்ததும் பைலை உங்கள் மெயிலுக்கே அனுப்புங்கள். படமில்லாத நாவல் பைல் போனில் எடுக்கிற ஒரு போட்டோவை விடச் சின்னது, டேட்டா தீர்ந்துவிடும் என்று சாக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் புதுப் பெயரில் சேமியுங்கள்: பாட்டி நவம்பர் 18, பாட்டி நவம்பர் 19 என்று. பழையதன் மேலேயே எழுதினால், தூக்கக் கலக்கத்தில் அழித்த அத்தியாயமும் சேர்ந்து பிரதியாகிவிடும். கூகுள் டிரைவிலும் அதே கதைதான், லாப்டாப்போடு இணைத்து வைத்திருந்தால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைக் கூடையில் முப்பது நாள் கிடக்கும், அதற்குள் தேடினால் உண்டு.

குழுவில் போட்ட இரண்டு அத்தியாயமும் பிரதி இல்லை. இரண்டு அத்தியாயம், அவ்வளவுதான்.

இன்னொன்று. நீங்கள் ஆசிரியை, வினாத்தாள் தட்டிப் பழகியவர் என்பதால் கேட்கிறேன்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறீர்களா? அப்படியானால் இன்றைக்கே யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். பாமினி இல்லாத கணினியில் உங்கள் பாட்டி ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரிவார். போனில் திறந்தாலும் அப்படித்தான். பிரதி பத்திரமாக இருந்தும் வாசிக்க ஆள் இருக்காது.

அப்புறம் கடதாசி. சனிக்கிழமை டவுனுக்கு இறங்கும்போது கொமியூனிகேஷன் கடையில் அதுவரை எழுதியதைப் பிரிண்ட் எடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் காசு எண்ணுவார்கள், எண்ணட்டும். இரண்டு பக்கமும் அடித்தால் கொஞ்சம் குறையும். கரண்ட் இல்லாத இரவில் பேனாவோடு உட்கார அதுதான் உதவும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை நீங்களும் பார்த்தவர்தானே. எடுத்த பிரிண்டை அக்கா வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்துவையுங்கள். வேறு மலையில் இருக்கிற வீடாகப் பாருங்கள்.

அப்படி யாரும் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை, தலைப்பில் திகதி மட்டும் போட்டு. ஒன்றும் எழுத வேண்டாம், சொல் எண்ணிக்கை கட்டாயம் வேண்டாம். நான் திறந்து பார்க்க மாட்டேன், ஒரு போல்டரில் போட்டுவைப்பேன், அவ்வளவுதான். முடிந்த பிறகு வாசிக்கச் சொல்லிக் கேட்டால் வாசிக்கிறேன். ஜனவரிக்குப் பிறகு கேளுங்கள், டிசம்பரில் எனக்கு என் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது.

அன்புடன்,
அக்கா