லெஸ்டரில் குடியேறுவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வேலைக்கும் படிப்புக்கும் செல்லவிருக்கும் வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருவதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்நகருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் கணவருக்கு லெஸ்டரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. “அது குட்டி இந்தியா, உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?
(ஒரு வாசகி, திருச்சி)

பாதி நம்பலாம். 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லெஸ்டரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,68,600. அதில் ஆசிய வம்சாவளியினர் 43.4 விழுக்காடு, வெள்ளையர் 40.9 விழுக்காடு. எனவே தெருவில் நடக்கும்போது நீங்கள் தனித்துத் தெரிய மாட்டீர்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வேரூன்றியிருக்கும் இந்தியா பெரும்பாலும் குஜராத். அதுவும் ஆப்பிரிக்கா வழியாக வந்த குஜராத்.

1972 ஆகஸ்டில் உகாண்டாவின் அதிபர் இடி அமீன், அங்கே வாழ்ந்த ஆசியர்களை 90 நாள்களுக்குள் வெளியேறுமாறு உத்தரவிட்டபோது, பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த ஏறத்தாழ 28,000 பேரில் கணிசமானோர் லெஸ்டரைத் தேர்ந்தெடுத்தனர். கென்யாவிலிருந்து வந்தவர்கள் முன்பே அங்கு இருந்ததும், உள்ளாடை, காலுறை, காலணித் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்ததும் அதற்குக் காரணங்கள். அவர்கள் வரவேற்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: இங்கே இடமில்லை, வராதீர்கள் என்ற பொருளில் லெஸ்டர் மாநகராட்சி உகாண்டா நாளிதழ் ஒன்றில் விளம்பரமே கொடுத்தது. அப்படியும் வந்தவர்கள் பெல்கிரேவ் சாலையில் மூடிக்கிடந்த கடைகளை எடுத்து நடத்தினர். சேலைக்கடைகளும் நகைக்கடைகளும் சைவ உணவகங்களும் இனிப்புக்கடைகளும் வரிசையாக நிற்கும் ‘கோல்டன் மைல்’ என்ற இன்றைய கடைவீதி அப்படி உருவானதுதான்.

ஆகவே அங்கே குஜராத்திப் பலகாரமான தோக்ளா எளிதாகக் கிடைக்கும். நல்ல தோசைமாவுக்கு நீங்கள் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும். கோயிலுக்குப் போனால் பஜனை குஜராத்தியில் நடக்கலாம். பருப்பு, அரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் ஆகியவற்றுக்குக் கவலை வேண்டாம். தமிழர்கள் இருக்கிறார்கள், ஆனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவில் இருக்கிறார்கள். என் கருத்தில் இது ஒரு நன்மையே: நம்மவர் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட முடியாததால், பிறருடன் பழகும் கட்டாயம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நகரின் மேற்கே நார்பரோ சாலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அந்த ஒரே சாலையில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிறந்தவர்கள் கடை வைத்திருப்பதை லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதுகலைப் படிப்புக்காகச் செல்கிறேன். கையில் பணம் குறைவு. பார்க்க வேண்டியவை எவை, செலவில்லாமல் பார்க்கக்கூடியவை எவை?
(ஒரு மாணவர், மதுரை)

இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டிலிருந்து தொடங்குங்கள். 1485-இல் பாஸ்வொர்த் போரில் கொல்லப்பட்ட இந்த அரசரின் உடல் லெஸ்டரில் ஒரு துறவியர் மடத்தில் புதைக்கப்பட்டது. மடம் இடிந்து, இடமும் மறந்துபோய், கடைசியில் அது மாநகராட்சியின் வாகன நிறுத்துமிடமாகிவிட்டது. 2012-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது, வளைந்த முதுகெலும்புடனும் போர்க் காயங்களுடனும் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அரசருடைய சகோதரியின் தாய்வழி வாரிசுகளிடம் எடுத்த மரபணுவோடு ஒப்பிட்டு அவர்தான் என்று உறுதி செய்தார்கள். மரபணுவை வைத்து ஆளை அடையாளம் காணும் மரபணு ரேகை முறையை அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான், 1984-இல். 2015 மார்ச்சில் அரசர் லெஸ்டர் பேராலயத்தில் மறுஅடக்கம் செய்யப்பட்டார். பேராலயத்தில் கல்லறையை இலவசமாகப் பார்க்கலாம். எதிரே, புதைகுழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கும் காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு. பணம் குறைவென்றால் முதலில் பேராலயம் போதும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கில்ட்ஹால் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மரச்சட்டக் கட்டடம்; நுழைவு இலவசம். இன்னும் சற்று மேற்கே, ரோமானியக் குளியல் கூடத்தின் எஞ்சிய பகுதியான ஜூரி சுவர், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளைக் கடந்து 9 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. நியூ வாக் என்பது 1785-இல் அமைக்கப்பட்ட, வண்டிகள் செல்லாத நடைபாதை; அதிலுள்ள அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூடுகளும், ஜெர்மானிய வெளிப்பாட்டியல் ஓவியங்களின் சிறப்பான தொகுப்பும் இருக்கின்றன. மழை நாளுக்கு இதைவிட நல்ல இடம் நகரில் இல்லை, இதற்கும் கட்டணமில்லை.

தேசிய விண்வெளி மையம் கட்டணத்துக்கு உரியது, கொஞ்சம் விலையும் அதிகம். 42 மீட்டர் உயரக் கோபுரத்துக்குள் உண்மையான ராக்கெட்டுகள் நிற்பதைப் பார்க்க விருப்பமிருந்தால் அரை நாளாவது ஒதுக்கிப் போங்கள், அவசரமாக ஒரு மணி நேரத்துக்குப் போவது வீண். ஊருக்கு வெளியே பிராட்கேட் பூங்காவில் மான்கள் திறந்தவெளியில் மேயும். 1553-இல் ஒன்பது நாள் மட்டும் அரசியாக இருந்த ஜேன் கிரே வாழ்ந்த மாளிகையின் இடிபாடுகளும் அங்கே உள்ளன. ரயில் நிலையத்தின் வெளியே தாமஸ் குக் சிலையைக் காண்பீர்கள். 1841-இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஆட்களை ரயிலில் அழைத்துச் சென்று, சுற்றுலாத் தொழிலுக்கு அடிபோட்டவர் அவர்.

வீடு, மருத்துவர், வரி ஆகியவற்றில் எதை முதலில் முடிக்க வேண்டும்?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

வீடு. முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு உட்படப் பலவும் இழுபறியாகும். இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர், வாடகைக்குக் குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று சோதித்தாக வேண்டும். உங்கள் மின்விசா (eVisa) இணையக் கணக்கிலிருந்து பெறும் பகிர்வுக் குறியீட்டைக் (share code) கொடுத்தால் போதும். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், திருப்பித் தரவேண்டிய முன்பணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதை வாங்கிய 30 நாள்களுக்குள், அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றில் செலுத்திச் சான்று தர வேண்டும். வீட்டைப் பார்க்காமலே பணம் அனுப்பச் சொல்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். தமிழில் பேசினார் என்பதற்காக ஏமாந்தவர்கள் உண்டு.

குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வதை நோய் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். பதிவு இலவசம், முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்பது விதி. மருந்துச் சீட்டுக்கு மட்டும் பெரியவர்கள் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு (2025 நிலவரம்) செலுத்த வேண்டும். 60 வயது நிறைந்தோருக்கும் 16 வயதுக்குட்பட்டோருக்கும் விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் 999, மற்ற உடல்நலக் கேள்விகளுக்கு 111.

கவுன்சில் வரி என்பது மாநகராட்சிக்குக் கட்டும் வரி, வீட்டுக்குரியது. வாடகைக்கு இருப்பவரே பொதுவாகக் கட்ட வேண்டும், பலர் இதைப் பட்ஜெட்டில் மறந்துவிடுகிறார்கள். தனியாக வசிப்பவருக்கு 25 விழுக்காடு தள்ளுபடி. வீட்டிலுள்ள அனைவரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் வரியே இல்லை. இரண்டும் தானாக வரும் என்று இருந்துவிடாமல், விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்க்க நன்கொடை கேட்பார்களா?
(ஒரு தாய், சேலம்)

அரசுப் பள்ளிகளில் கட்டணமும் இல்லை, சேர்க்கைக்கு நன்கொடையும் இல்லை. பொதுவாக மாநகராட்சி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டின் நடுவில் வந்தாலும் இடம் கேட்கலாம். விரும்பிய பள்ளியே கிடைக்கும் என்ற உறுதி இல்லை, தூரம் முக்கியமாகக் கணக்கில் வரும் என்பதால், வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பாருங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு கார் ஓட்டலாமா?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை ஓட்டலாம். பிறகு அந்நாட்டுத் தேர்வில் தேறியாக வேண்டும். தேர்வுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும், ஆகவே நாலைந்து மாதங்களிலேயே தொடங்கிவிடுங்கள். நகருக்குள் பேருந்தும் நடையுமே பெரும்பாலும் போதும்; லண்டனுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

2022-இல் லெஸ்டரில் மதக் கலவரம் என்று படித்தேன். பயப்பட வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அந்த ஆண்டு ஆகஸ்டின் இறுதியில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பிறகு, கிழக்கு லெஸ்டரில் இந்து, முஸ்லிம் இளைஞர் குழுக்களிடையே பதற்றம் மூண்டு, செப்டம்பரில் தெருமோதலானது. சமூக ஊடகங்களில் பரவிய பொய்ச்செய்திகள் அதை ஊதிப் பெருக்கின. இரு தரப்புச் சமயத் தலைவர்களும் சேர்ந்து அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அன்றாட வாழ்வில் இரு சமயத்தவரும் ஒரே தெருவில் கடை நடத்துகிறார்கள், பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று அந்நகரைப் புகழ்வோர் இந்த நிகழ்வை மறைப்பதும் தவறு, இந்த நிகழ்வை மட்டுமே வைத்து அந்நகரை எடைபோடுவதும் தவறு. நீங்கள் செய்யக்கூடியது, ஊரிலிருந்து வரும் ஆவேசச் செய்திகளை அங்குள்ள குழுக்களில் பகிராமல் இருப்பது.

பெற்றோரை அழைத்துச் செல்ல ஏற்ற காலம் எது?
(ஒரு வாசகி, காஞ்சிபுரம்)

பலரும் தீபாவளிக்கு அழைக்கிறார்கள். பெல்கிரேவ் சாலையின் விளக்கு அலங்காரத்தைக் காணப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள், உண்மையிலேயே பார்க்கத்தக்க காட்சி. ஆனால் அப்போது குளிர் தொடங்கிவிடும். டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கே இருட்டிவிடுவதால், வெளியே நடந்து பழகிய முதியோர் அறைக்குள் அடைபட்டுச் சோர்ந்துபோவார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை அழைப்பதே நல்லது. ஜூன், ஜூலையில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பூங்காவில் உட்காரலாம். ஆக்ஸ்போர்டு தெருவில், பழைய தேவாலயக் கட்டடத்தில் வெண்பளிங்கு முகப்போடு அமைந்துள்ள சமணக் கோயிலுக்கும் மறக்காமல் அழைத்துச் செல்லுங்கள்; அதன் உட்புறச் சிற்பத் தூண்கள் அவர்களுக்குப் பிடிக்கும். சுற்றுலா விசாவில் வருவோருக்கு மருத்துவமனையில் உள்நோயாளிச் சிகிச்சைக்குப் பெருந்தொகை கேட்பார்கள் என்பதால், விமானச் சீட்டு வாங்கும்போதே, ஏற்கெனவே உள்ள நோய்களையும் தெரிவித்துப் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.