அறுவை சிகிச்சையின் நடுவே திசுவை வேறிடத்திலிருந்து பார்த்துச் சொல்வதை நம்பலாமா?

அம்மாவுக்குச் சினைப்பையில் பெரிய கட்டி இருப்பதாகவும், பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சையின்போது எடுக்கும் திசுவை வேறிடத்தில் இருக்கும் நோயியல் மருத்துவர் கணினித் திரையில் பார்த்து, புற்றா இல்லையா என்று முடிவு சொல்வார் என்றும் எழுதி, இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் அந்த வேலையைச் செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: திரையை நம்பலாம், நீங்கள் விசாரிக்க வேண்டியது திரைக்கு முந்தைய வேலையை.

ஃப்ரோசன் பரிசோதனை என்பது திசுவைக் கிரையோஸ்டாட் என்ற குளிர்பெட்டிக் கருவியில் சுமார் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, மைக்ரான் கணக்கில் மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்ப்பது. நோயாளி மயக்கத்தில் இருப்பதால் ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 20 நிமிடத்தில் பதில் போயாக வேண்டும். சில்க் போர்டு சந்திப்பைக்கூட அந்த நேரத்தில் கடப்பது நிச்சயமில்லாத நகரில் இந்த ஏற்பாடு தேவைதான். இது புதிய முயற்சியும் அன்று. நார்வேயின் டிரோம்சோ நகரிலிருந்து, நோயியல் மருத்துவர் இல்லாத தொலைதூர மருத்துவமனைகளின் ஃப்ரோசன்களை 1989லேயே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் 20 சென்டிமீட்டர் கட்டியிலிருந்து நகக்கண் அளவுத் துண்டுதான் ஸ்லைடுக்கு வருகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, குறிப்பாகச் சளி போன்ற நீர் நிறைந்த மியூசினஸ் கட்டிகளில் சாதுவான பகுதியும் புற்றுப் பகுதியும் அடுத்தடுத்தே இருக்கக்கூடும். கட்டியைத் திறந்து, உட்சுவரை விரலால் தடவி, தடித்த இடத்தையும் மொட்டு மொட்டாகப் புடைத்த இடத்தையும் கண்டு வெட்டுபவர் அங்கேதான் இருக்கிறார். என் விரல் அங்கே எட்டாது. அதனால்தான் வெட்டும் மேசையையும் கேமராவில் காட்டச் சொல்லி, "அந்த வெளுத்த பகுதியிலிருந்து இன்னொரு துண்டு எடுங்கள்" என்று போனிலேயே சொல்கிறேன். சீவலில் மடிப்பு விழுந்தால், ஸ்லைடைப் படமெடுத்து என் திரைக்கு அனுப்பும் ஸ்கேனரின் ஃபோகஸ் தவறிச் செல்களின் உட்கரு மங்கிவிடும். உறையும்போது பனித்துகள் உண்டாக்கும் ஓட்டைகளும் குழப்பும். அப்போது மறுபடி சீவச் சொல்வதே சரி, நேரம் போனாலும்.

ஆகவே, திசுவை வெட்டுபவர் அதில் பயிற்சி பெற்றவரா, இணைப்பு அறுந்தால் மாற்று என்ன என்று கேளுங்கள். "பாரஃபின் ரிப்போர்ட் வரட்டும்", அதாவது திசுவை மெழுகில் பதித்துச் சீவிப் பார்க்கும் வழக்கமான பரிசோதனை முடியட்டும், என்று பதில் வருவதும் உண்டு. அது தட்டிக்கழிப்பு அன்று, சில நாள் பொறுத்துக் கிடைக்கும் தெளிவான முடிவுக்காக நிறுத்திவைப்பது. அப்படி வந்தால் கருப்பையையும் நிணநீர் முடிச்சுகளையும் அன்றே எடுப்பாரா, விட்டுவைப்பாரா என்பதை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.