அட்டையில் அச்சிடாத எழுபது வருஷம்

அன்புள்ள ரீச்சர்,

வருடப்பிறப்பு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்துத் தினமும் சொல்லி ஜெபிக்கிறேன். ஆனால் அம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடி, காலில் புண்ணும் வந்துவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, இன்சுலின் போடுவது விசுவாசக் குறைவு, வசனத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்கிறா. அம்மாவும் இப்போது ஊசி வேண்டாம் என்கிறா. என்னுடைய விசுவாசம்தான் காணாதோ என்று பயமாக இருக்கிறது. வேதத்தை மட்டும் நம்பி வாழ எந்த ஒழுங்கில் வாசிக்க வேண்டும்? விடியற்காலையிலா, இரவிலா?

ஒரு வாசகி, மானிப்பாய்

அன்புள்ள பிள்ளை,

முதலில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம். மிச்சத்தை வந்து வாசிக்கலாம். இன்சுலினை நிறுத்தினால் சீனி ஏறி ஆளையே விழுத்திவிடும். புண்ணும் இருக்கிறதென்றால் காலுக்கும் ஆபத்து. இதைக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு இருந்தீரே, அதுதான் எனக்குக் கோபம்.

பவுலோடு கூட நடந்த லூக்கா ஒரு வைத்தியன். தன்னோடு ஊழியத்துக்கு வந்த துரோப்பீமுவை வியாதிக்காரனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அவருக்கும் விசுவாசம் காணாது என்று அந்த அக்கா சொல்லுவாவா? உங்களுடைய மானிப்பாயையே பாரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கேதான் ஆஸ்பத்திரி நடத்தினார். நம்முடைய இளைஞர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். வேதப்புத்தகத்தோடு மருந்துப் பெட்டியும் வந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி வரலாமா?

விடியற்காலையா இரவா என்பது உம்முடைய வசதி. என்னை நிறுத்தியது அந்த அட்டை. வருஷக்கணக்காக மனதுக்குள் கிடந்து அரிக்கிற விஷயம் அது. லொத்தர் சீட்டு இழுக்கிற மாதிரி ஒரு வசனத்தை இழுத்து, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறதென்று பாராமல் வருஷம் முழுக்க அதில் தொங்குகிறோம். பிறகு வருத்தம் வந்தால் நம்மையே குற்றவாளியாக்குகிறோம்.

'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' உமது அட்டையில் இருக்கிற வசனம் இதுதானே? அது எரேமியா தீர்க்கதரிசி யாருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது? பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன சனங்களுக்கு. ஊரையும் கோயிலையும் விட்டுப்போன அகதிகளுக்கு. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டு வருஷத்துக்குள்ளே பிடிபட்டுப்போன எல்லாரும் திரும்பி வருவார்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்று ஆலயத்தில் நின்று பேசுகிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து எல்லாருக்கும் முன்னால் உடைக்கிறான். சனங்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவும் முதலில் 'ஆமென்' என்றுதான் சொல்லுகிறார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. ஆனால் கர்த்தர் சொல்லாததை அவரால் எழுத முடியவில்லை. எழுபது வருஷம் என்றுதான் எழுதினார். உமது வசனத்துக்கு நேரே மேலே, பத்தாம் வசனத்தில் இருக்கிறது. அட்டையில் அதை யாரும் அச்சிடுவதில்லை. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோன் மண்ணிலேயே போயிருப்பார்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும் உரியதுதான்.

எங்களுடைய பெரியம்மா இதை எனக்கு மீசாலையில் காட்டித் தந்தா. 1995 ஒக்டோபர் 30, யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்த இரவு. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். பெரியம்மாவின் கையில் இரண்டு சாமான்: இழுப்புக் குளிசைப் போத்தல், சொப்பிங் பையில் சுற்றிய வேதப்புத்தகம். மீசாலையில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டில் கிடைத்தது. அங்கே கூடி ஜெபித்தவர்களில் ஒரு தம்பி, நத்தாருக்கு எல்லாரும் சொந்த வீட்டில் இருப்போம் என்று தனக்குத் தரிசனம் கிடைத்ததாகச் சொன்னான். எல்லாரும் அழுது ஸ்தோத்திரம் சொன்னோம். பெரியம்மா மட்டும் பேசவில்லை. அன்றிரவு குப்பி விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, எரேமியா 29ஐ முதல் வசனத்திலிருந்து சத்தமாக வாசித்தா. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். விடிந்ததும் வீட்டுக்காரரிடம் வளவின் மூலையில் ஒரு துண்டு நிலம் கேட்டு, கத்தரி நாற்று வாங்கி நட்டா. ஒவ்வொரு இரவும் அந்த வீட்டுக்காரரின் பிள்ளைகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தா. குளிசையையும் நேரம் தவறாமல் போட்டா.

நத்தார் கொட்டிலில்தான் வந்தது. அந்தத் தம்பி பிறகு ஜெபத்துக்கு வரவில்லை, வேதத்தைத் தொடவும் இல்லை. அவனுக்காக இப்போதும் எனக்கு நெஞ்சு நோகிறது. அவனுக்கு யாராவது பத்தாம் வசனத்தை முதலே காட்டியிருக்க வேண்டும். தை மாதம் கத்தரி காய்த்தது. கறி வைத்துச் சாப்பிட்டோம், வீட்டுக்காரருக்கும் கொடுத்தோம். சித்திரையில் நாங்கள் திரும்பி நடந்தபோது செடிகள் இன்னும் காய்த்துக்கொண்டுதான் நின்றன.

அதனால்தான் சொல்லுகிறேன், பிள்ளை: உமக்கு விசுவாசம் காணாமல் இல்லை. உமக்கு அரைக் கடிதத்தைத் தந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எரேமியா 27இலிருந்து 29 வரை ஒரே மூச்சில் வாசித்துக் காட்டும். வாசிக்கிற ஒழுங்கு கேட்டீரே, அதுதான்: எந்தப் புத்தகமானாலும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை. அந்த அக்காவோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவவும் பயத்தில்தான் பேசுகிறா. கிளினிக்குக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போம். வரிசையில் இருக்கிற நேரம், விசுவாசத்தால் வாழ்ந்தவர்களைச் சொல்லுகிற எபிரெயர் 11ஐ அவவையே வாசிக்கச் சொல்லும். சிங்கத்தின் வாயை அடைத்தவர்களோடு நிறுத்த விடாமல், வாளால் அறுப்புண்டவர்களையும் தாண்டி நாற்பதாம் வசனம் வரைக்கும் வாசிக்கட்டும்.