கொந்தளிப்பான காலத்தில் இசைச் செய்தியாளர் ஆகலாமா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. செவ்வியல் இசையைப் பற்றி எழுதிப் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. அரசியல் இவ்வளவு கொதித்துக்கொண்டிருக்கும்போது பெண்ணைப் பத்திரிகைத் துறைக்கு அனுப்பலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து நீங்களே ஒரு வழியும் சொல்லியிருக்கிறீர்கள்: "அரசியல் பக்கமே போகாமல் கச்சேரி விமர்சனம் மட்டும் எழுதினால் பாதுகாப்பாக இருப்பாள் அல்லவா?" அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அந்த வழி நீங்கள் நினைப்பதுபோல் பாதுகாப்பானது அல்ல.

1936 ஜனவரியில் ஸ்டாலின் மாஸ்கோவில் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஓர் ஓபராவை, அதாவது பாட்டாலேயே நடக்கும் இசை நாடகத்தைப் பார்க்கப் போனார். இரண்டு ஆண்டுகளாக வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்த ஓபரா அது. இரண்டே நாளில், ஜனவரி 28 அன்று, கம்யூனிஸ்ட் கட்சியின் 'ப்ராவ்தா' நாளிதழில் பெயர் போடாத ஒரு கட்டுரை வந்து அந்த இசையைக் கிழித்துப் போட்டது. முன்பு அதைப் புகழ்ந்த விமர்சகர்கள் பலர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. ஷோஸ்டகோவிச் அந்த ஆண்டே அரங்கேற இருந்த தன் நான்காவது சிம்பொனியைத் திரும்பப் பெற்றார். அது முதன்முதலில் ஒலித்தது 1961-இல். அதே 1936 நவம்பரில் ஜெர்மனியில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் கலை விமர்சனத்தையே தடை செய்தார். நிகழ்ச்சியை விவரிக்கலாம், மதிப்பிடக் கூடாது என்பது உத்தரவு. அந்த விமர்சகர்களில் பெரும்பாலோர் அரசியல் எழுதியவர்கள் அல்லர். சுருதி, ஸ்வரம், மேடை, இசைக்குழுவை முன்னின்று வழிநடத்தும் நடத்துநர் என்று மட்டுமே எழுதியவர்கள்.

ஆகவே உங்கள் பெண்ணிடம் "அரசியலைத் தொடாதே" என்று வாக்குறுதி வாங்காதீர்கள். இசையைப் பற்றி நேர்மையாக எழுதுகிறவர் ஒரு நாள் அரசியலைச் சந்தித்தே தீருவார். அப்போது என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தத் தேர்ச்சியைப் படிப்பிலும் பயிற்சியிலும் பெறலாம். நான் சொல்ல வருவதெல்லாம் இதுதான்: அவள் முதலில் நல்ல செய்தியாளராகட்டும். இசை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இந்த வேலை இன்று எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு சொன்னால் உங்களுக்குப் புரியும். அவளும் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கட்டும்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. மறுநாள் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவை, புதினுக்கு நெருக்கமானவராக அறியப்பட்ட ரஷ்ய நடத்துநர் வலேரி கெர்கீவ் நடத்துவதாக இருந்தது. அவர் வரமாட்டார் என்று அறிவித்தார்கள். அப்புறம் ஜெர்மனியின் மியூனிக் நகர மேயர், புதினின் போரைக் கண்டித்துப் பேச வேண்டும் என்று அவருக்கு மாத இறுதிவரை கெடு வைத்தார். கெர்கீவ் பேசவில்லை. மார்ச் 1 அன்று மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமை நடத்துநர் பதவியிலிருந்து அவர் நீக்கப்பட்டார்.

ஒரு மேயரால் இசைக்குழுவின் தலைவரை எப்படி நீக்க முடியும்? அது நகராட்சியின் இசைக்குழு. சம்பளம் கொடுப்பது நகரம். இது தெரியாத ரசிகர் "கலையில் அரசியல் கலந்துவிட்டது" என்று புலம்பி முடித்துவிடுவார். செய்தியாளரோ வேலை கொடுத்தவர் யார், ஒப்பந்தத்தில் என்ன இருந்தது, அந்த நடத்துநர் முன்பு அரசியலில் எங்கே நின்றார், இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருடையது என்று தேடிப் போவார். வாசகருக்கு உண்மையில் வேண்டியது அந்தப் பதில்கள்.

அதே மார்ச்சில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா, ரஷ்யப் பாடகி அன்னா நெட்ரெப்கோவைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. அவர் போரை எதிர்ப்பதாகச் சொன்னார், ஆனால் புதினைக் கண்டிக்க மறுத்தார். பல பத்திரிகைகளில் கதை அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு, தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட ஒரு நடுவர், ரத்தான சில நிகழ்ச்சிகளுக்காக அவருக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நிகழ்ச்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளம் தர வேண்டும் என்ற ஒப்பந்த விதிதான் காரணம். ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த செய்தியாளருக்கு இந்தக் கேள்வி முதல் நாளே தோன்றியிருக்கும்.

அதே 2022 மார்ச்சில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஓர் இசைக்குழு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் '1812' என்ற படைப்பைத் தன் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. உடனே பெரிய சண்டை. ரஷ்ய இசையையே தடை செய்கிறார்கள் என்று ஒரு பக்கம், சரியாகத்தான் செய்தார்கள் என்று இன்னொரு பக்கம். இங்கேதான் வயலின் கற்ற உங்கள் பெண்ணுக்கு வேலை இருக்கிறது. அது நெப்போலியனின் படையெடுப்பை ரஷ்யா முறியடித்ததைக் கொண்டாடும் படைப்பு, பீரங்கி முழக்கமே அதன் இசைக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று அவளால் விளக்க முடியும். சைகோவ்ஸ்கியின் எல்லாப் படைப்புகளையும் ஒதுக்குவதும், குண்டு விழுந்துகொண்டிருக்கும் வாரத்தில் இந்த ஒன்றைத் தள்ளிவைப்பதும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டவும் முடியும். இசை தெரியாத செய்தியாளரிடம் இந்த நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது. செய்தி தெரியாத இசைக்கலைஞருக்கோ இதை அன்றிரவே எழுதி அனுப்பும் பழக்கம் இருக்காது. இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறைவைத்தான் நான் உங்கள் பெண்ணுக்கான வாய்ப்பாகப் பார்க்கிறேன்.

சரி, பணம். மறைக்காமல் சொல்கிறேன். நாளிதழ்களில் முழுநேர இசை விமர்சகர் பதவிகள் உலகமெங்கும் சுருங்கிவிட்டன. இருக்கிறவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமலே விடும் பத்திரிகைகள் உண்டு. "இசை விமர்சகர்" என்ற ஒரே பதவியை நம்பி அவள் படிப்பைத் திட்டமிட்டால் நான் தடுப்பேன். இன்று இந்தத் துறையில் பெரும்பாலோர் பல இடங்களிலிருந்து வரும் வருமானத்தைச் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள்: பத்திரிகைக் கட்டுரை, வானொலி அல்லது பாட்காஸ்ட் தயாரிப்பு, கச்சேரிக்கு வருவோருக்குக் கொடுக்கும் நிகழ்ச்சிக் குறிப்பேடுகள், இசைவிழாக்களின் தகவல் தொடர்பு, ஒலி ஆவணக் காப்பகப் பணி, கற்பித்தல்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல இளைஞர்கள் விழுவது இங்கேதான். ஒரு விழாவுக்குக் குறிப்பேடு எழுதிப் பணம் வாங்கியவர் அந்த விழாவை விமர்சிக்க முடியாது. ஓர் இசைக்குழுவின் அழைப்பில், அவர்கள் செலவில் வெளிநாடு போனவர் அதை மறைத்து எழுதக் கூடாது. அமைதியான காலத்தில் இது சின்ன விஷயமாகத் தெரியும். கொந்தளிப்பான காலத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பதே "இவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?" என்பதுதான். பதில் சுத்தமாக இல்லாவிட்டால், எழுதியது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அடிபட்டுப் போகும். எழுதி விமர்சிக்கப்போகும் அமைப்புகளிடம் பணம் வாங்குவதில்லை, மற்ற வருமானத்தைக் கட்டுரையின் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுவது என்று முதல் நாளிலிருந்தே அவள் பழகட்டும். கற்பித்தலும் காப்பகப் பணியும் இந்தச் சிக்கல் குறைந்தவை. இரண்டாவது வருமானத்தை அங்கே தேடச் சொல்லுவேன்.

பட்டப்படிப்பு எது என்று கேட்டிருந்தீர்கள். இளங்கலையிலேயே இதழியல்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. வரலாறு, சட்டம், பொருளாதாரம் ஆகிய மூன்றில் ஒன்றை நான் விரும்புவேன். இசை நிறுவனங்களின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நிதிநிலை அறிக்கை படிக்கவும் ஆவணங்களைத் தேடவும் தெரிய வேண்டும், அதற்காகத்தான். கலை இதழியலுக்கென்றே முதுகலைப் படிப்புகள் சில இடங்களில் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா, சிரக்யூஸ் பல்கலைக்கழகங்கள் தெரிந்த பெயர்கள். நல்ல படிப்புகள்தான், ஆனால் செலவு பெரியது. கடன் வாங்கி இந்தத் துறைக்குள் நுழைவதை நான் ஊக்குவிப்பதில்லை. மாதத் தவணை கட்ட வேண்டிய கட்டாயம் இருப்பவரால் சங்கடமான கட்டுரையை எழுதுவது கடினம். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும்.

அதைவிட முக்கியம், பட்டம் முடிந்ததும் ஒரு சாதாரணச் செய்தி அறையில் வேலை. நீதிமன்றம், நகராட்சி, கல்வி என்று எது கிடைத்தாலும் சரி. இசைப் பக்கம் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். மறுப்புச் சொல்ல எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கொடுப்பது, இரண்டு பேரிடம் உறுதி செய்யாமல் எழுதாதது, அவதூறு சட்டம் எங்கே தொடங்குகிறது என்று அறிவது, பெயர் சொல்ல அஞ்சும் ஒருவரைக் காப்பாற்றுவது எல்லாம் அங்கேதான் கைவரும். 2018-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் இசை விமர்சகர், இன்னொரு செய்தியாளரோடு சேர்ந்து செவ்வியல் இசை உலகில் பாலியல் தொந்தரவு பற்றி விரிவாக எழுதினார். அதன் பிறகு அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் ஒன்று விசாரணை நடத்தி இரண்டு கலைஞர்களை நீக்கியது. பேச முன்வந்தவர்களைக் காப்பாற்றிக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தால்தான் அப்படி ஒரு கட்டுரை நிற்கும்.

"இவள் ஒரு பக்கம் சாய்ந்து எழுதிவிடுவாளோ?" என்ற உங்கள் கவலைக்கும் ஒரு சொல். கருத்து வைத்திருப்பது குற்றம் அல்ல. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதிய கல்கி, 1940-களில், கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கேட்ட தமிழிசை இயக்கம் மேடைகளையும் சபைகளையும் இரண்டாகப் பிரித்தபோது தமிழிசையின் பக்கம் வெளிப்படையாக நின்று எழுதினார். அவர் எங்கே நிற்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்திருந்தது. இசையை அறிந்தவர் என்பதும் தெரிந்திருந்தது. கருத்தை மறைத்துச் செய்திபோல எழுதுவதுதான் ஆபத்து. விமர்சனம், கருத்துக் கட்டுரை, செய்தி மூன்றும் வேறுவேறு என்பதை அவள் கை முதலில் பழக வேண்டும்.

அதற்கு ஒரு பயிற்சி தருகிறேன். அடுத்து அவள் போகும் ஒரு நிகழ்ச்சியை மூன்று விதமாக எழுதட்டும். அன்றிரவே முடிக்க வேண்டிய 400 சொல் விமர்சனம் ஒன்று. மறுநாள், அவளுடைய கருத்து ஒரு வரிகூட இல்லாத செய்தி ஒன்று: அரங்கம் யாருடையது, பணம் எங்கிருந்து வந்தது, யாரை அழைத்தார்கள், யாரை அழைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, மேடையில் இல்லாத ஒருவருடன் பேட்டி: ஒலி அமைப்பவர், பக்கவாத்தியக்காரர், நுழைவுச்சீட்டு விற்பவர், யாராக இருந்தாலும் சரி. இரண்டாவது கட்டுரை அவளுக்குச் சலிப்பாக இருந்தால் இசை எழுத்தை அவள் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம், தொழில் வேறு பார்க்கலாம். அதுதான் அவளை இழுக்கிறது என்றால் நீங்கள் தைரியமாக விடலாம்.

மிரட்டல் பற்றி. இணையத்தில் வசை வரும், பெண்களுக்குக் கூடுதலாக வரும். வீட்டு முகவரியும் குடும்பப் படங்களும் பொதுவெளியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். கணக்குகளுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு வேண்டும். வெளியான ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பிரதி வைத்துக்கொள்ளட்டும். அழுத்தம் வரும்போது கட்டுரைகள் சத்தமில்லாமல் இணையத்திலிருந்து காணாமல் போவதுண்டு. மிரட்டல் வந்தால் அதை அழிக்காமல் சேமித்து, ஆசிரியரிடம் அன்றே சொல்ல வேண்டும். பின்னால் நிற்கும் ஆசிரியர் இருக்கும் இடமா என்பதை வேலையில் சேரும் முன்பே விசாரியுங்கள். சம்பளத்தைவிட இதை முக்கியமாகக் கேட்பேன். எல்லா இடங்களிலும் ஆபத்து ஒரே அளவில் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆப்கானிஸ்தான் தேசிய இசைக்கழகத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் போர்ச்சுகலுக்குக் குடிபெயர வேண்டி வந்தது. அப்படிப்பட்ட சூழலில் எழுதுவது வேறு கணக்கு. அங்கே வெளியிலிருந்து எழுதுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

கடைசியாக வயலின். படிப்புச் சுமை கூடுகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. போட்டிகளையும் தேர்வுகளையும் நிறுத்தலாம், வாசிப்பதை நிறுத்த வேண்டாம். ஒத்திகையில் என்ன நடக்கிறது, ஒரு கலைஞர் ஏன் பயப்படுகிறார், மேடையில் எது தற்செயல், எது தெரிந்தே செய்தது என்பதெல்லாம் வாசித்துப் பார்த்தவருக்குத்தான் புரியும். நேரம் குறையட்டும், வாரத்தில் மூன்று நாள் போதும். அவள் எழுதும் அந்த மூன்று கட்டுரைகளையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். செய்திக் கட்டுரையை முதலில் படிக்கிறேன்.