ஓடும் பைக்கில் மின்சாரம் மொத்தமாக நின்றால் பேட்டரியை மாற்றலாமா?

கேள்வி: என்னுடையது நான்கு ஆண்டுகள் ஓடிய 350 சிசி எஃப்ஐ பைக். சென்ற வாரம் இரவு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஹெட்லைட், மீட்டர், என்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. ஓரங்கட்டிச் சிறிது நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பேட்டரியோ சார்ஜிங்கோ பலவீனமானால் வண்டி முன்கூட்டியே அறிகுறி காட்டும். ஹெட்லைட் மங்கும், ஹாரன் கம்மும், செல்ஃப் இழுக்கத் திணறும். கில் சுவிட்சிலோ சைடு ஸ்டாண்ட் சுவிட்சிலோ கோளாறு என்றால் என்ஜின் மட்டும் நிற்கும், மீட்டர் எரிந்துகொண்டிருக்கும். எல்லாம் ஒரே நொடியில் போய், ஆறிய பிறகு தானாகத் திரும்பியிருப்பதால், வண்டி முழுவதற்கும் மின்சாரம் செல்லும் பொதுப் பாதையில் எங்கோ ஒரு இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது என்றே கருத வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பாதை பேட்டரி டெர்மினலில் தொடங்கி, ஸ்டார்ட்டர் ரிலேயின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) அருகிலுள்ள மெயின் ஃபியூஸ் வழியாகச் சாவி சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து மற்ற ஃபியூஸ்களுக்குப் பிரிகிறது. மெயின் ஃபியூஸ் எரிந்திருந்தால் மின்சாரம் தானாகத் திரும்பியிருக்காது. ஆனால் அதிர்வினால் விரிசல் விட்ட ஃபியூஸ் கம்பி தொட்டும் விலகியும் இவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதால், அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஃபியூஸ் செருகும் இடத்திலும் சாவி சுவிட்சின் கப்ளரிலும் (ஒயர்களை இணைக்கும் செருகி) பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருந்தால், அல்லது முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், தேடியது கிடைத்துவிட்டது எனலாம்.

கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதுதான் பலர் மல்டிமீட்டர் (வோல்ட், மின்தடை அளக்கும் கருவி) இணைப்பு இருப்பதாகக் காட்டும் பீப் ஒலியை நம்பி ஏமாறுகிறார்கள். சில ஓம் மின்தடை உள்ள இணைப்புக்கும் அது பீப் அடிக்கும். ஆனால் அரை ஓம் தடையுள்ள முனையில் 8 ஆம்பியர் ஓடினாலே 4 வோல்ட் அங்கேயே தொலைந்து, 32 வாட் வெப்பமாக மாறி அந்த முனையையே தீய்த்துவிடும். ஆகவே மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டும். ஹெட்லைட் எரியட்டும் (என்ஜின் ஓடினால்தான் எரியும் என்றால், திறந்தவெளியில் நியூட்ரலில் ஓடவிடுங்கள்). மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையைச் சாவி சுவிட்சிலிருந்து வெளியே வரும் ஒயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்தி வந்தால், அளவு சட்டென்று குறையும் இடம் எது என்று தெரிந்துவிடும். அளக்கும்போதே ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்புங்கள், ஏனெனில் கழுத்துப் பகுதியில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருப்பது அடிக்கடி காணப்படும் கோளாறு. இதேபோல என்ஜின் உடலுக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி இறுக்க வேண்டும்.

பேட்டரிக்குள்ளேயே இணைப்பு விடுவது அபூர்வம், ஆனால் நடக்காததல்ல. மறுபடி அணைந்தால், சாவி போட்ட நிலையிலேயே மல்டிமீட்டர் முனைகளை ஒயரின் வளையத்தில் வைக்காமல் நேரே பேட்டரியின் இரு கட்டைகளில் வைத்து அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பேட்டரி மேல் குற்றமில்லை. அடியோடு விழுந்திருந்தால் மெக்கானிக் சொன்னது சரி.

தீய்ந்த முனையைச் சுரண்டி மாட்டினால் சில வாரங்களே தாங்கும். கப்ளரையே மாற்றச் சொல்லுங்கள். வழியில் ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றி ஓட்டினால் ஃபியூஸுக்குப் பதில் ஒயரிங் முழுவதும் எரியும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, முடிந்ததும் அதையே கடைசியாக மாட்டுங்கள்.