சிங்கப்பூர் பயணத்துக்கு எந்த அட்டை ஏற்றது?

கும்பகோணத்திலிருந்து திருச்சி வழியாகச் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கச் செல்லும் தாங்கள், கைவசமுள்ள டெபிட் அட்டையே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலேயே செலுத்தலாம், ஆனால் பல வங்கிகள் அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணமாக ஏறத்தாழ 3.5 சதவீதமும், அந்தக் கட்டணத்தின்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பதால், 50,000 ரூபாய்ச் செலவுக்கு 2,065 ரூபாய் வீணாகும். அந்தப் பணத்தில் திருச்சியில் ஒரு நல்ல புடவையே வாங்கிவிடலாம்.

சிங்கப்பூர் டாலரை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் அட்டையையே நான் பரிந்துரைப்பேன். ஏற்றும் நாளின் மாற்று விகிதம் உறுதியாகிவிடும் என்றாலும், அந்த விகிதத்திலேயே வங்கியின் லாபம் அடங்கியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். கிரெடிட் அட்டையில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம்; எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஃபாரெக்ஸ் அட்டையில் எடுத்தாலும் ஏடிஎம்மில் பொதுவாக ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் உண்டென்பதால், சிறுகச் சிறுக எடுக்காமல் ஒருமுறை சேர்த்து எடுப்பதே சிக்கனம்.

கடையிலோ ஏடிஎம்மிலோ இயந்திரம் 'ரூபாயிலா, டாலரிலா?' என்று கேட்டால், தயங்காமல் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததே விகிதம். டெபிட் அட்டையையும் மாற்று ஏற்பாடாக எடுத்துச் செல்வதானால், ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே வருவதால், புறப்படுமுன் வங்கிச் செயலியில் அதை இயக்கிக்கொள்ளுங்கள்.