கட்டுப்போட்ட குட்டியின் காலில் சீழ்வாடை

கேள்வி: மூன்று மாத வெள்ளாட்டுக் கிடாக்குட்டி. வேலிக் கம்பியில் மாட்டி முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது, தோலும் கிழிந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நான்கு நாள் ஆகிறது. குளம்புப் பக்கம் வீங்கி, கட்டுக்குள்ளிருந்து வாடை வருகிறது. கால் பிழைக்குமா?

பதில்: கட்டை இன்றே வெட்டி எடுங்கள். ஒடிந்த காலில் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறும். பஞ்சு வைக்காமல் இறுக்கிய கட்டு, அந்த வீக்கத்தில் இன்னும் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். எலும்பு முறிவைவிட இப்படிப்பட்ட கட்டால்தான் பல குட்டிகள் காலை இழக்கின்றன.

அவிழ்த்ததும் இரு குளம்புக்கும் நடுவே அழுத்திக் கிள்ளுங்கள். சூடு இருந்து, குட்டி காலை இழுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. சில்லிட்டு, தோல் கறுத்து, உணர்வே இல்லையென்றால் அந்தப் பகுதி செத்துவிட்டது. மருத்துவர் காலை எடுக்க வேண்டியிருக்கும். மூன்று காலில் ஆடு நன்றாகவே மேயும்.

உணர்வு இருந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கலந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் புண்ணுக்குள் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு 5 சதவீத பொவிடோன் அயோடின் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து ஊற்றுங்கள். எலும்பு தெரியும் புண்ணில் மஞ்சள், சுண்ணாம்பு, டர்பன்டைன் எதுவும் வேண்டாம்.

சீழ் இருக்கும்வரை மாவுக்கட்டு கூடாது. உள்ளே அழுகுவது வெளியே தெரியாது. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, ஓரங்களைத் தேய்த்து, காலைச் சுற்றிப் பஞ்சு வைத்து, தினமும் அவிழ்த்துக் கழுவும்படி கட்டுங்கள். முறிவுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டுகள் அசையக் கூடாது. ஆகவே குளம்பிலிருந்து முழங்காலைத் தாண்டி, முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை குழாய் வர வேண்டும். குளம்பு நுனி மட்டும் வெளியே தெரியட்டும். தினமும் தொட்டுப் பார்க்க அதுதான் வழி.

ஆன்டிபயாட்டிக்கும் இரணஜன்னித் தடுப்பும் மருத்துவரிடம்தான், கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழைக்கலாம். வலிக்கு மெலாக்சிகாம் கேளுங்கள். கடையில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக்கைப் போடாதீர்கள். செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வதால் கால்நடைக்கு அதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள்.

நொண்டி ஓரளவு சரியான பிறகும் ஒரு துளை வழியாகச் சீழ் வருவதும் நிற்பதுமாக இருந்தால், உள்ளே செத்த எலும்புச் சில்லு கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதற்கு ரத்த ஓட்டம் இல்லாததால் எவ்வளவு ஊசி போட்டாலும் மருந்து போய்ச் சேராது. எக்ஸ்ரே எடுத்து, அறுத்து எடுத்தால்தான் புண் மூடும்.

புண் ஆறியபின் மாவுக்கட்டு போடலாம். வளரும் குட்டி என்பதால் இரண்டு வாரத்தில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதுவே இறுகும். தொற்றில்லாத முறிவு இந்த வயதில் நான்கு வாரத்தில் கூடிவிடும். உங்கள் குட்டிக்குக் கூடுதலாகும். அதுவரை மந்தையோடு விடாமல், ஈரமில்லாத சிறு தடுப்பில் வையுங்கள். பரண் கொட்டில் வேண்டாம், இடுக்கில் மறுபடி கால் மாட்டும்.